இரண்டாவது பெயர்

விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்ற இணைப் பெயரில் வயதில் மூத்தவர் இரண்டாவதாக நிற்கிறார். டி.கே. ராமமூர்த்தி 1922இல் திருச்சியில் பிறந்தவர், எம்.எஸ். விஸ்வநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர். ஆறு வயது மூத்தவரும், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை போன்ற பெரிய வயலின் வித்வானைப் பாட்டனாராகக் கொண்டவருமான ஒருவர், தம் பெயரைப் பின்னால் வைக்க இசைந்தார் என்பதை நான் சிறு செய்தியாக நினைப்பதில்லை. இணையாக இயங்கிய இசைக் கலைஞர்களில், உலகத்தின் எந்த மூலையில் பார்த்தாலும், மக்கள் நினைவிலிருந்து முதலில் நழுவுவது இந்த இரண்டாவது பெயர்தான். பாட்டைக் கேட்பவர்கள் "இதில் யார் செய்தது எது?" என்று கேட்கத் தொடங்கிய உடனே அந்த நழுவல் தொடங்கிவிடுகிறது. அந்தக் கேள்வியே பொருத்தமற்றது என்பது என் நெடுநாள் கருத்து. அதை என் காதுக்குத் தெரிந்த சான்றுகளோடு இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் இருந்தவர்கள். ராமமூர்த்தி வயலின், விஸ்வநாதன் ஆர்மோனியம். 1952இல் சுப்பராமன் 28 வயதிலேயே காலமானபோது அவர் பாதியில் விட்டுச் சென்ற பட வேலைகளை, 'தேவதாஸ்' உட்பட, இவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தின் மூலம் இரட்டையராக அறிமுகமானார்கள். அதன்பின் 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை அவர்கள் செய்ததைத் தமிழர்களுக்கு நான் பட்டியலிட வேண்டியதில்லை. 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'கர்ணன்', 'புதிய பறவை', 'காதலிக்க நேரமில்லை' என்று பெயர்களைச் சொன்னாலே பாட்டுகள் தாமாக வந்து நிற்கும். 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் 1963இல் இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இன்று அந்தப் பட்டத்தைச் சொன்னால் பெரும்பாலோர் நினைவுக்கு வருபவர் ஒருவர் மட்டுமே.

பிரிந்த பிறகு விஸ்வநாதன் தனியாக நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்தி ஏறத்தாழ இருபது படங்களோடு நின்றார். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, 1965க்கு முன்பும் முழுச் சுமையையும் ஒருவரே சுமந்திருப்பார் என்று முடிவு கட்டுகிறவர்களை நான் வாழ்நாள் முழுதும் சந்தித்து வருகிறேன். காட்பாடி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையிலும் இதே வாதம்தான். படித்தவர்கள் கூடும் இசை ரசிகர் கூட்டங்களிலும் இதே வாதம்தான். விஸ்வநாதனுடைய மேதைமையில் எனக்கு ஓர் அணுவளவும் ஐயம் இல்லை. ஆனால் தனியாக ஒருவர் எவ்வளவு படம் செய்தார் என்ற எண்ணிக்கை, இருவராக இருந்தபோது அவர் பங்கு எவ்வளவு என்பதற்குச் சான்றாகாது. தனியே வந்த பின்னும் ராமமூர்த்தி 1966இல் 'மறக்க முடியுமா?' படத்தில் 'காகித ஓடம்' என்ற பாட்டைக் கொடுத்தார். பி. சுசீலாவின் குரலில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, இதை அமைத்தவர் வெறும் துணைக்கு நின்றவர் என்று யாராலும் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இதை நான் உணர்ந்தது புத்தகத்திலிருந்து அல்ல. எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் இளம் வயதில் சில காலம் கீபோர்டு வாசித்தேன். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆடியில் ஊருக்கு ஊர் கூழ் ஊற்றும் நாள்கள், ஆடி, மார்கழி தவிர ஆண்டு முழுவதும் கல்யாண வரவேற்புகள் என்று கச்சேரிக்குக் குறைவே இருக்காது. கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டில் வரும் விருப்பப் பாடல்களில் பாதி, இந்தப் பதின்மூன்று ஆண்டுக்குள் வந்தவையாக இருக்கும். பாடகர்களுக்கு அவற்றில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கலெல்லாம் எங்களுக்குத்தான், அதாவது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் பி.ஜி.எம். வாசிப்பவர்களுக்கு. 'எங்கே நிம்மதி' பாட்டில் வயலின்கள் கூட்டமாக எழும் இடத்தைக் கீபோர்டில் 'ஸ்டிரிங்ஸ்' ஒலியை வைத்து நான் வாசித்தபோது, ஸ்வரம் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனாலும் பாட்டு தரையில் கிடந்தது. குழுவில் இருந்த மூத்த வயலின் மாஸ்டர் ஒத்திகை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, விரல் சரியாத்தான் இருக்கு. வில்லு எங்க?" என்றார்.

பிறகு தம் வயலினை எடுத்து அந்தப் பகுதியை மெதுவாக வாசித்துக் காட்டினார். ஒரே சொற்றொடரை ஒரே வில்லில் இழுத்தால் ஒரு நிறம். நடுவில் வில்லைத் திருப்பினால் வேறு நிறம். பலர் சேர்ந்து வாசிக்கும்போது எல்லோரும் ஒரே கணத்தில் வில்லைத் திருப்பினால் ஒலியில் ஒரு வெட்டு விழும். ஆளுக்கொரு கணத்தில் திருப்பினால் ஒலி மூச்சே விடாமல் நீளும். எங்கே வெட்டு வேண்டும், எங்கே நீள வேண்டும் என்பதைப் பாட்டின் பொருளை அறிந்து தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைக் கையில் வயலினோடு வளர்ந்த ஒருவரால்தான் அவ்வளவு இயல்பாக எடுக்க முடியும் என்பது மாஸ்டரின் துணிபு. அவர் சொன்ன பிறகு நான் 1965க்கு முந்தைய பாட்டுகளையும் பிந்தைய பாட்டுகளையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பிந்தையவற்றில் புதிய தாளங்கள், புதிய கருவிகள், எல்லையில்லாத துணிச்சல் எல்லாம் இருக்கின்றன. முந்தையவற்றில் வயலின்கள் பாடகரோடு பேசுகின்றன. பாடகர் சொல்லி முடிக்காததை முடித்துக் கொடுக்கின்றன. இது என் காதின் தீர்ப்பு. வேறு காது வேறு சொல்லலாம். ஆனால் அந்த உரையாடலில் எந்தச் சொல் யாருடையது என்று பிரிக்க முயன்றால் கையில் எதுவும் மிஞ்சாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

எங்கள் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. இது தெருக்கூத்து மண். கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஊர் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துரியோதனன் கட்டி வரும் நடிகர் ஓர் அடியைப் பாடிவிட்டுக் கிறுக்கி அடித்துச் சுழலும்போது, அந்த அடியைப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறார். முகவீணை அவரோடு சேர்ந்துகொள்கிறது. சுழன்று முடித்த நடிகர் மூச்சு வாங்கி அடுத்த அடியை எடுக்கும் வரை பாட்டு அறுபடாமல் நிற்பது அந்தப் பின்குரலால்தான். விடிய விடிய நடக்கும் கூத்தில் கட்டை முடியும் புஜக்கீர்த்தியும் அணிந்தவரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் பின்பாட்டு தளர்ந்த இரவில் கூத்து படுத்துவிடும் என்பது கூத்து பார்க்கிற எந்தப் பெரியவருக்கும் தெரியும்.

இரு குரல்கள் ஒன்றையொன்று தாங்குவதற்கு நான் கேட்டவற்றில் மிகச் சிறந்த சான்று அமெரிக்காவின் எவர்லி சகோதரர்கள். டான், ஃபில் என்ற இவ்விருவரின் தந்தை ஒரு கிடார் கலைஞர். பிள்ளைகள் சிறு வயதிலேயே குடும்பத்தோடு வானொலியில் பாடியவர்கள். 1957இல் 'பை பை லவ்' பாட்டு அவர்களைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. நம் மரபில் இருவர் சேர்ந்து பாடினால் பெரும்பாலும் இருவரும் ஒரே ஸ்வரத்தில் நிற்பார்கள். இவர்களோ ஒருவர் ஸட்ஜத்தில் நின்றால் மற்றவர் காந்தாரத்தில் நிற்பது போன்ற இடைவெளியைப் பாட்டு நெடுகக் காப்பாற்றினார்கள். கீழ்க்குரல் டானுடையது, மேற்குரல் ஃபிலுடையது. மெட்டு என்று நாம் முணுமுணுப்பது பெரும்பாலும் கீழ்க்குரலை. ஆனால் மேற்குரலை எடுத்துவிட்டு அந்தப் பாட்டைக் கேட்டால் அது எவர்லி சகோதரர்களின் பாட்டாக இருக்காது. நல்ல நாட்டுப்புறப் பாட்டு ஒன்றாக இருக்கும், அவ்வளவுதான். 1973இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் ஃபில் தம் கிடாரை ஓங்கி அடித்து உடைத்துவிட்டு மேடையைவிட்டு இறங்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1983இல், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மீண்டும் சேர்ந்து பாடினார்கள். இடைப்பட்ட காலத்தில் இருவரும் தனித்தனியே பாடினார்கள். பழைய இடத்தை இருவருமே எட்டவில்லை.

அவர்களைக் கேட்டு வளர்ந்த இரண்டு நியூயார்க் பள்ளி மாணவர்கள் பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும். 1957இல் 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். 1964இல் சொந்தப் பெயர்களில் வெளியிட்ட முதல் ஆல்பம் விலைபோகாமல் கிடந்தது. சைமன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அதற்குள் டாம் வில்சன் என்ற தயாரிப்பாளர், இவர்களைக் கேட்காமலேயே, அந்த ஆல்பத்தில் இருந்த ஒரு பாட்டுக்கு மின்கிடாரும் டிரம்ஸும் சேர்த்து மறுபடி வெளியிட, 1966 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இணை மீண்டும் சேர்ந்தது.

இங்கே இரண்டாவது பெயரின் வழக்கு மிகக் கடுமையானது. ஏனென்றால் பாட்டுகளை எழுதியவர் சைமன். மெட்டு அமைத்தவரும் அவர். கிடார் வாசித்தவரும் அவர். கார்ஃபங்கல் பாடினார். "அவர் வேறு என்ன செய்தார்?" என்று கேட்பவர்களுக்கு நான் 1970இல் வந்த 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' பாட்டைத்தான் காட்டுவேன். சைமன் அதை எழுதியது கார்ஃபங்கலின் குரலுக்காகவே. கார்ஃபங்கலோ, இதை நீயே பாடலாமே என்று முதலில் தயங்கினார். அதுமட்டுமன்று, பாட்டு இரண்டு சரணங்களோடு நின்றபோது, மூன்றாவது சரணம் ஒன்று வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். ஒலிப்பதிவுக் கூடத்திலேயே சைமன் அதை எழுதிச் சேர்த்தார். பியானோவோடு மட்டும் தணிவாகத் தொடங்கி, அந்த மூன்றாவது சரணத்தில்தான் வாத்தியங்கள் முழுவீச்சில் எழுகின்றன. குரலும் தன் உச்சிக்குப் போகிறது. அது இல்லாமல் அந்தப் பாட்டை இன்று நினைத்துப் பார்க்கவே முடியாது. எழுதாதவர் கேட்டதால் எழுதப்பட்ட சரணம் அது. மேடையில் கார்ஃபங்கல் தனியாக அதைப் பாடிக் கைத்தட்டல் வாங்கும்போது ஓரமாக நின்ற சைமனுக்கு, இது என் பாட்டு அல்லவா என்று மனம் உறுத்தியது என்பதை அவரே பின்னாளில் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் பிரிந்தார்கள். 1981 செப்டம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அவர்கள் மீண்டும் சேர்ந்து பாடிய இலவசக் கச்சேரிக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் திரண்டதாகச் சொல்லப்பட்டது. சைமன் தனியாகவும் மிகப் பெரிய கலைஞர்தான். ஆனாலும் அந்த மக்கள் இருவரையும் சேர்த்துக் கேட்கவே வந்தார்கள்.

இந்தியில் சங்கர்–ஜெய்கிஷன் வரலாறு வேறு வகையில் மனத்தைத் தொடும். இருவரும் பிருத்விராஜ் கபூரின் நாடகக் குழுவில் வாத்தியக்காரர்கள்: சங்கர் தபலா, ஜெய்கிஷன் ஆர்மோனியம். 1949இல் 'பர்சாத்' படத்தில் தொடங்கினார்கள். 1971இல் ஜெய்கிஷன் 41 வயதில் காலமானார். அதன்பின் 1987இல் தாம் இறக்கும் வரை சங்கர் தாம் இசையமைத்த படங்களுக்கு 'சங்கர்–ஜெய்கிஷன்' என்றே பெயர் போட்டுக்கொண்டார். கடைசிக் காலத்தில் இருவருக்கும் இடையே மனக்கசப்பு இருந்தது என்பது பலரும் அறிந்தது. அப்படி இருந்தும், மறைந்தவரின் பெயரைத் தம் பெயரிலிருந்து அவர் கழற்றவில்லை. இரண்டாவது பெயருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

லக்ஷ்மிகாந்த்–பியாரிலால், கல்யாண்ஜி–ஆனந்த்ஜி, நம் சங்கர்–கணேஷ் ஆகியோரைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஆனால் டூயட் பாடகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூர்க்காரர்களான எங்களுக்கு, 1945இல் இதே ஊரில் பிறந்த வாணி ஜெயராம் மீது தனி உரிமை உண்டு. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தோடு அவர் 1978இல் பாடிய 'ஒரே நாள் உனை நான்' பாட்டில் இரு குரல்களும் எப்படிக் கைமாறுகின்றன என்பதை நான் எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை. இருந்தாலும் அவர்களை இரட்டையர் என்று சொல்ல மாட்டேன். சினிமா டூயட்டில் இணையைத் தேர்ந்தெடுப்பவர் இசையமைப்பாளர். பாட்டு முடிந்ததும் இணையும் முடிந்துவிடும். இரட்டையர் என்பவர்கள் பாட்டு சரியாக வராத நாளிலும் ஒரே அறையில் உட்கார வேண்டியவர்கள்.

ராக் இசையில் தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற டெட்ராய்ட் இணையின் கதை என் வாதத்துக்கு நேர்ச் சான்று. 1997இல் தொடங்கிய இந்தக் குழுவில் ஜாக் ஒயிட் பாடிக் கிடார் வாசித்தார். மெக் ஒயிட் டிரம்ஸ் வாசித்தார். பாஸ் கிடார் வாசிக்க ஆளே இல்லை. 2003இல் வந்த அவர்களுடைய 'செவன் நேஷன் ஆர்மி' பாட்டின் அடித்தொனி, பாஸ் போல ஒலித்தாலும், கிடாரின் ஒலியைக் கருவியால் ஒரு ஸ்தாயி இறக்கிப் பெற்றது. உலகெங்கும் கால்பந்து மைதானங்களில் மக்கள் சேர்ந்து பாடுவது அந்த வரியைத்தான். மெக்கின் வாசிப்பு மிக எளிமையானது, ஒரு குழந்தைகூட அப்படி வாசிக்கும் என்று விமர்சகர்கள் சிலர் இகழ்ந்தார்கள். நான் அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்து அம்மன் திருவிழாப் பம்பைதான் நினைவுக்கு வரும். மரத்தால் ஒன்று, வெண்கலத்தால் ஒன்று என இரண்டு பறைகளைச் சேர்த்துக் கட்டிய கருவி அது. வெண்கலத்தின் கணீரென்ற ஒலி ஊருக்கே கேட்கும், மரத்தின் அடங்கிய ஒலி அதற்குக் கீழே நிற்கும். அடங்கிய ஒலி இல்லாவிட்டால் மற்றது வெறும் சத்தம். மெக் அப்படி அடங்கி நின்றதால்தான் ஜாக் அவ்வளவு தூரம் ஓட முடிந்தது. அடித்து நிரப்பத் தெரிந்த டிரம்ஸ் கலைஞர்கள் ஆயிரம் பேர் உண்டு. எங்கே அடிக்காமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு. 2011இல் குழு கலைந்தது. ஜாக் அதன்பின் மிகத் தேர்ந்த டிரம்ஸ் கலைஞர்களோடு வாசித்தார். நல்ல பாட்டுகளும் வந்தன. அந்த வெற்றிடத்தின் அழகு மட்டும் திரும்ப வரவில்லை.

ஹிப் ஹாப் இசையில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் ஒரு வினோதமான வழியைக் கண்டது. 2003இல் ஆந்த்ரே 3000, பிக் பாய் இருவரும் ஆளுக்கொரு வட்டாகத் தனித்தனியே உருவாக்கி, இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஒரே பெயரில் வெளியிட்டார்கள். 2004இல் அதற்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. யார் செய்தது எது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. விற்பனையும் விருதும் எப்படி இருந்தாலும், அவர்களுடைய முந்தைய ஆல்பங்களில் ஒருவர் வரியை மற்றவர் பாதியில் பிடுங்கிக்கொண்டு ஓடும் வேகத்துக்காகத்தான் நான் அவர்களைத் தேடிப் போகிறேன்.

தமிழில் இன்றைக்கும் இணைகள் இருக்கின்றன. விவேக்–மெர்வின் 2014இல் 'வடகறி' படத்தில் இருவர் பெயரோடும் வந்தார்கள். ஹிப்ஹாப் தமிழா என்பதும் ஆதி, ஜீவா என்ற இரு நண்பர்கள் சேர்ந்து தொடங்கியதுதான். 2015இல் 'ஆம்பள' மூலம் சினிமாவுக்கு வந்தார்கள். எங்கள் ஊர்க் கல்லூரி விழாக்களில் அவர்களுடைய பாட்டு ஒலிக்காத ஆண்டு இல்லை. ஆதியைத் திரையிலும் பார்ப்பதால் எல்லோருக்கும் தெரிகிறது. ஜீவாவின் பெயரைச் சொன்னால், பாட்டை வரி பிசகாமல் பாடும் பிள்ளைகளே யார் அது என்று கேட்கிறார்கள். நான் அவர்களுக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். அவர்களில் இருவர் இப்போது சேர்ந்து பாட்டு அமைக்கிறார்கள்; ஒருவன் வரி எழுதிப் பாடுகிறான், மற்றவன் மடிக்கணினியில் தாளம் கட்டுகிறான். யூடியூபில் பாட்டை ஏற்றும்போது எந்தப் பெயரில் ஏற்றலாம் என்று என்னிடம் கேட்டார்கள். இருவர் பெயரையும் போடுங்கள், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள் என்றேன்.